ஃபிஃப்த் வீல் டிரெய்லர் பிக்கப் பெட்டின் மேல் விழாமல் காப்பது எப்படி: மாட்டுவது முதல் கழற்றுவது வரை

அமெரிக்காவிலோ கனடாவிலோ ஃபிஃப்த் வீல் டிரெய்லரை (மூக்குப் பகுதி பிக்கப்பின் பின்தளத்துக்கு மேல் நீண்டு, அங்கேயே மாட்டிக்கொள்ளும் இழுவை வீட்டை) இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறவர்களுக்கு மலை இறக்கம், எதிர்க்காற்று, டயர் வெடிப்பு எல்லாவற்றையும் விட வயிற்றைக் கலக்குவது ஒன்று உண்டு. கேம்ப்கிரவுண்டை விட்டுக் கிளம்புகிறீர்கள். வண்டி பத்தடிகூட நகர்ந்திருக்காது. பின்னால் தடால் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் மூக்கு பிக்கப்பின் பெட் (பின்னால் உள்ள திறந்த சுமைத் தளம்) மேல் உட்கார்ந்திருக்கிறது, இரண்டு பக்கச் சுவரும் மடங்கியிருக்கின்றன, டெயில்கேட் என்ற பின்கதவு இருந்த இடத்தில் ஏதோ ஒரு தகரம் தொங்குகிறது.

இப்படி நடந்தால் எல்லோரும் முதலில் திட்டுவது ஹிட்சைத்தான், அதாவது பெட்டில் நின்று டிரெய்லரைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி அமைப்பை. ஆனால் ஒழுங்காகப் பொருத்திய ஹிட்ச் தானாக முறிந்து டிரெய்லர் விழுவது அபூர்வம். ஹிட்ச் பூட்டிக்கொள்ளவே இல்லை, பூட்டிவிட்டது என்று நினைத்து வண்டியை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் பெரும்பாலான கதை. அதனால் பெட்டைக் காப்பாற்றும் வேலையில் முக்கால்வாசி, கடையில் வாங்கும் இரும்பில் இல்லை. மாட்டும்போது எதை எந்த வரிசையில் செய்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. முக்கியமாக, கழற்றி நிறுத்தும்போது டிரெய்லரைத் தாங்கும் முன்கால்களை எப்போது தூக்குகிறீர்கள் என்பதில்.

எது எதைப் பிடிக்கிறது

டிரெய்லரின் முன்பக்கம் கீழே பின் பாக்ஸ் (pin box) என்ற கனத்த இரும்புப் பெட்டி. அதன் அடியில் ஒரு தட்டு, தட்டிலிருந்து கீழ்நோக்கி நீளும் கிங்பின். பெரிய ஆணி ஒன்றைத் தலை கீழே வருமாறு தொங்கவிட்டது போல இருக்கும்: மேலே 2 அங்குலக் குறுக்களவுள்ள கழுத்து, கீழே அதைவிட அகலமான விளிம்பு. நெடுஞ்சாலையில் ஓடும் 18 சக்கர லாரிகளிலும் வழக்கமாக இதே 2 அங்குல கிங்பின்தான்.

பிக்கப்பின் பெட்டில், பின் அச்சுக்கு நேர் மேலேயோ கொஞ்சம் முன்னாலேயோ, ஹிட்ச் நிற்கிறது. அதன் தலைத்தட்டில் பின்பக்கமாகத் திறந்த ஒரு வாய். கிங்பின் அந்த வாய்க்குள் நுழைந்ததும் தாடைகள் கழுத்தைச் சுற்றி மூடிக்கொள்ள வேண்டும். சில ஹிட்சில் இரண்டு தாடைகள் இரு பக்கமிருந்தும் கட்டிப் பிடிக்கும்; சிலவற்றில் ஒரே ஒரு கனத்த கம்பி கழுத்துக்குப் பின்னால் குறுக்கே வந்து அடைக்கும். எதுவானாலும் பிடிக்க வேண்டியது கழுத்தை. விளிம்பை அல்ல.

இப்போது எடைக் கணக்கைப் பாருங்கள். ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம் கிங்பின் வழியாக பிக்கப்பின் மேல் இறங்குகிறது. 12,000 பவுண்டு டிரெய்லருக்கு 20 சதவீதம் என்று வைத்தால் 2,400 பவுண்டு, ஏறக்குறைய 1,100 கிலோ. பெட்டின் பக்கச் சுவருக்கும் அதன் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் நடுவே வழக்கமாக விடும் இடைவெளி ஆறு அங்குலம் போல. கிங்பின் வாயை விட்டு வெளியே வந்தால் 1,100 கிலோ அந்த ஆறு அங்குலத்தைத் தாண்டி மெல்லிய தகட்டுச் சுவர் மேல் இறங்கும். அந்தச் சுவர் இவ்வளவு எடையைத் தாங்கச் செய்தது இல்லை.

கிங்பின் ஏன் நழுவுகிறது

காரணங்கள் பல இருந்தாலும் மோசமானது ஒன்றுதான். அமெரிக்க லாரிக்காரர்கள் அதை 'ஹை ஹுக்' என்பார்கள். பின்னால் வரும்போது டிரெய்லரின் மூக்கு தேவைக்கு மேல் உயரமாக இருந்தால், கிங்பின்னின் கழுத்து தாடைக்கு நேராக வராது. அகலமான விளிம்புதான் தாடையின் உயரத்தில் நிற்கும், அல்லது அதற்கும் மேலே ஏறி உட்கார்ந்துவிடும். தாடை ஏதோ ஒன்றைக் கவ்வும். 'டக்' என்று சத்தம்கூடக் கேட்கலாம். தாடையைத் திறந்து மூடும் ஹிட்சின் கைப்பிடியும் கிட்டத்தட்ட மூடியது போலத் தெரியும். இந்த நிலையில் வண்டி கொஞ்ச தூரம் ஓடவும் செய்யும், முதல் மேடுபள்ளம் வரும் வரை.

மற்றவை: தாடைகளைத் திறந்து வைக்காமலே பின்னால் வந்து இடிப்பது, கைப்பிடி முழுவதும் உள்ளே போகாமல் பாதியில் நிற்பது, பாதுகாப்புப் பின்னைச் செருக மறப்பது, பழைய கிரீஸும் மணலும் சேர்ந்து கெட்டியாகித் தாடையை முழுதாக மூடவிடாமல் செய்வது. ஓய்வு நிறுத்தத்தில் வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும்போது யாராவது கைப்பிடியை இழுத்துவிடுவதும் உண்டு. அதற்காகவே பாதுகாப்புப் பின்னுக்குப் பதில் சின்னப் பூட்டுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்.

பயணத்துக்கு முன்: அளவும் போல்ட்டும்

சமதளத்தில் டிரெய்லரைத் தரைக்கு இணையாக நிறுத்தி, தரையிலிருந்து கிங்பின் தட்டின் அடி வரை அளந்துகொள்ளுங்கள். பிக்கப்பில் ஹிட்ச் தலையின் உயரம் அதற்கு ஒத்துப்போக வேண்டும். ஹிட்சின் உயரத்தைத் துளை மாற்றிக் கூட்டவோ குறைக்கவோ முடியும். பல டிரெய்லர்களில் பின் பாக்ஸையும் மேலே கீழே நகர்த்தலாம். இங்கே ஒரு இழுபறி வரும். இப்போதைய முக்கால் டன், ஒரு டன் வகை என்று சொல்லப்படும் கனரகப் பிக்கப்களின் பெட் சுவர் ஐந்தடியை நெருங்கும் உயரத்தில் இருக்கிறது. சுவருக்கு மேல் ஐந்தரை, ஆறு அங்குல இடைவெளி வேண்டும் என்று ஹிட்சை உயர்த்தினால் டிரெய்லர் மூக்கைத் தூக்கிக்கொண்டு தன் பின் அச்சில் பாரம் ஏற்றும். சமமாக இருக்கட்டும் என்று இறக்கினால், மேடான வாசலில் ஏறும்போது விழாத டிரெய்லரே சுவரில் இடிக்கும். இரண்டில் ஒன்றைத்தான் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியும் என்றால், என் கட்சி இடைவெளியின் பக்கம். மூக்கு லேசாக உயர்ந்திருப்பதைச் சமாளிக்கலாம். சுவர் இடித்தால் சமாளிக்க முடியாது.

ஓட்டுநர் கதவை ஒட்டியுள்ள சுமைத்திறன் ஒட்டியையும் ஒரு தடவை படியுங்கள். கிங்பின் எடை, ஹிட்சின் எடை, ஆட்கள், நாய், பெட்டில் போடும் விறகு எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் அடங்க வேண்டும். விற்பவர் சொன்ன இழுவைத்திறன் வேறு, இது வேறு.

ஹிட்ச் நிற்கும் தண்டவாளங்களின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பானர்) வைத்து, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு இறுக்குங்கள். முதல் பயணத்துக்குப் பிறகு மறுபடி பாருங்கள். பெட்டில் அப்படியே தூக்கிப் போடும் பிளாஸ்டிக் லைனர் இருந்தால் தண்டவாளம் உட்காரும் இடத்தில் அதை வெட்டி எடுத்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் மேல் இறுக்கினால் அது நாளாக ஆக அமுங்கும், போல்ட் தளரும். தெளித்துப் பூசும் லைனருக்கு இந்தத் தொல்லை இல்லை. தொழிற்சாலையிலிருந்தே பெட்டில் ஹிட்சுக்கான துளைகளோடு வரும் ஃபோர்டு, ராம், ஜிஎம் வண்டிகளில் தண்டவாளமே வேண்டாம்; ஆனால் அந்தத் துளைகளில் மண் அடைந்திருந்தால் ஹிட்சின் கால் முழுதாக இறங்கிப் பூட்டாது. மாட்டும் முன் ஒரு துணியை விட்டுத் துடைத்துவிடுங்கள்.

மாட்டுவது: இந்த வரிசையை மாற்றாதீர்கள்

முதலில் டிரெய்லரின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும், இரு பக்கமும் கட்டை போடுங்கள். இறுக்கமாக, டயரை ஒட்டி. அப்புறம் பிக்கப்பின் டெயில்கேட்டை இறக்குங்கள். டிரெய்லர் விழாமலே பெட் நசுங்குவதற்கு மிகச் சாதாரணமான காரணம், டெயில்கேட் மேலே இருப்பதை மறந்து பின்னால் வந்து பின் பாக்ஸில் இடிப்பது. நடுவில் வெட்டு விட்ட 'வி' வடிவ டெயில்கேட் போட்டால் இந்தப் பயம் பெரும்பாலும் போய்விடும். ஹிட்சின் கைப்பிடி திறந்த நிலையில், தாடைகள் விரிந்திருக்கின்றனவா என்று கண்ணால் பாருங்கள்.

அடுத்து உயரம். இந்த ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். பிக்கப்பைப் பின்னால் கொண்டுவந்து, ஹிட்ச் கிங்பின்னைத் தொடுவதற்கு ஒன்றிரண்டு அடி முன்னால் நிறுத்துங்கள். இறங்கி, பக்கவாட்டில் குனிந்து, இரண்டு தட்டுகளையும் ஒரே பார்வையில் பாருங்கள். டிரெய்லரின் கிங்பின் தட்டு, ஹிட்சின் தலைத்தட்டை விட அரை அங்குலம், அதிகம் போனால் ஒரு அங்குலம் தாழ்வாக இருக்க வேண்டும். அப்போதுதான் பிக்கப் பின்னால் வரும்போது ஹிட்சின் சரிவான பின்பகுதி டிரெய்லரைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு உள்ளே போகும். இரண்டு தட்டுகளும் ஒட்டிப் படியும். கழுத்து தாடைக்கு நேராக நிற்கும். டிரெய்லர் உயரமாக இருந்தால் மேலே சொன்ன ஹை ஹுக்தான்.

தானாகச் சமன்படுத்தும் கால்கள் உள்ள டிரெய்லர்களில், கழற்றிய உயரத்தை நினைவில் வைத்து அதற்கே திரும்பும் வசதி இருக்கும். பயனுள்ளதுதான். ஆனால் நீங்கள் கழற்றியபோது பெட்டில் இருந்த சுமையை இடையில் இறக்கியிருந்தால் பிக்கப்பின் பின்பக்கம் உயர்ந்திருக்கும், மழையில் கால்கள் மண்ணில் இறங்கியிருக்கும். கருவி நினைவு வைத்த உயரம் இன்றைய உயரம் இல்லை. குனிந்து பார்ப்பதைக் கருவியிடம் ஒப்படைக்க வேண்டாம்.

இனி மெதுவாகப் பின்னால் வாருங்கள். சரியான உயரத்தில் இருந்தால் பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் அமுங்குவதும், டிரெய்லரின் மூக்கு லேசாக எழுவதும் தெரியும். அதன் பிறகு தாடை மூடும் சத்தம். சத்தம் கேட்டதும் கை தட்டிவிட்டுக் கிளம்புகிறவர்களின் படங்களைத்தான் இணையத்தில் பார்க்கிறோம்.

வண்டியை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு இறங்குங்கள். கைப்பிடி முழுவதும் உள்ளே போயிருக்கிறதா? பூட்டிய நிலையில் கைப்பிடி எங்கே நிற்கும் என்பதை டிரெய்லர் இல்லாத ஒரு நாளில் பார்த்து, அங்கே பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் சந்தேகமே வராது. அப்புறம் பாதுகாப்புப் பின்னையோ பூட்டையோ மாட்டுங்கள். பின் உள்ளே போக அடம் பிடித்தால் அதைத் தட்டி ஏற்றாதீர்கள். தாடை மூடவில்லை என்று அது சொல்கிறது.

டார்ச் பரிசோதனை

பட்டப்பகலிலும் பின் பாக்ஸின் அடியில் இருட்டுதான். நல்ல டார்ச் ஒன்று எடுத்துக்கொண்டு டெயில்கேட் பக்கமாகக் குனிந்து, ஹிட்சின் வாய்க்குள் ஒளியை விடுங்கள். பார்க்க வேண்டியவை இரண்டு. மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் நடுவில் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. இரண்டும் படிந்து, ஓரத்தில் கிரீஸ் கொஞ்சம் பிதுங்கியிருக்க வேண்டும். அடுத்தது தாடை. தேய்ந்து பளபளக்கும் கழுத்து முன்னால், அதற்குப் பின்னால், அதாவது உங்கள் பக்கம், இரும்பு குறுக்கே வந்து வாயை அடைத்திருக்க வேண்டும். கிங்பின்னின் அகல விளிம்பு தாடைக்குக் கீழே தெரிய வேண்டும். விளிம்பு தாடையின் மட்டத்திலோ மேலேயோ இருந்தால், கிளம்பாதீர்கள். கைப்பிடியைத் திறந்து, முன்னால் எடுத்து, உயரத்தை இறக்கி மறுபடி வாருங்கள்.

தட்டுகளுக்கு நடுவில் விரலை விட்டுப் பார்க்கிற வேலை வேண்டவே வேண்டாம்.

இழுவைப் பரிசோதனை, கால்கள் தரையில் இருக்கும்போதே

ஏழு முனை மின்கேபிளைச் செருகுங்கள். பிரேக்அவே கேபிளை பிக்கப்பின் உடலிலோ சட்டத்திலோ மாட்டுங்கள். ஹிட்சின் கைப்பிடியிலோ ஹிட்சிலோ அல்ல. ஹிட்சே பெயர்ந்து வந்தால் கேபிளும் அதோடு போய்விடும், அப்புறம் டிரெய்லரின் அவசர பிரேக்கை யார் இழுப்பது?

இப்போது கிளம்பத் துடிக்கும் கை, முன்கால்களைத் தூக்கும் பொத்தானுக்குப் போகும். போக விடாதீர்கள். முன்கால்கள் தரையைத் தொட்டபடி இருக்கட்டும். சக்கரக் கட்டைகளும் அப்படியே. பிக்கப்பில் ஏறி, பிரேக் கன்ட்ரோலரின் கை நெம்புகோலை முழுவதும் அழுத்தி டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடியுங்கள். கியரை டிரைவில் போட்டு, கால் பிரேக்கை விட்டு, ஆக்சிலரேட்டரை லேசாகத் தொடுங்கள். பூட்டியிருந்தால் பிக்கப் முன்னால் முறுக்கிக்கொண்டு நிற்கும், நகராது. பூட்டாமல் இருந்தால் கிங்பின்னை விட்டு நழுவிச் சில அங்குலம் முன்னால் போகும். அவ்வளவுதான். டிரெய்லர் தன் கால்களிலேயே நிற்கும். உங்களுக்கு நெஞ்சு ஒரு முறை படபடக்கும், பெட்டுக்கு ஒன்றும் ஆகாது.

இதே பரிசோதனையைக் கால்களை முழுவதும் தூக்கிய பிறகு செய்தால், நீங்கள் தடுக்க நினைத்த விபத்தை நீங்களே நடத்திப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம். அமெரிக்காவில் கனரக லாரி உரிமத்துக்குப் படிக்கும் கையேட்டிலும் கிட்டத்தட்ட இதே வரிசைதான்: கால்களைத் தரையிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் எழுப்பி, டிரெய்லர் பிரேக் பிடித்த நிலையில் மெல்ல இழுத்துப் பார், பிறகு டார்ச் அடித்து தாடையைப் பார், எல்லாம் சரியான பிறகே கால்களை முழுவதும் ஏற்று என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

இழுத்துப் பார்த்தாயிற்றே, டார்ச் எதற்கு என்று கேட்கலாம். ஹை ஹுக் ஆன கிங்பின், லேசான இழுப்பைத் தாங்கி நின்றுவிடக்கூடும். உராய்வும் விளிம்பின் பிடிப்பும் அந்த நேரத்துக்குப் போதும். சாலையின் குலுக்கலுக்குப் போதாது. அதனால் இரண்டில் ஒன்று போதும் என்று விடாதீர்கள். இழுத்த பிறகு இன்னொரு முறை டார்ச் அடிப்பது நல்லது.

பிறகு கால்களை இரண்டு மூன்று அங்குலம் மட்டும் தூக்கி, தட்டுகளுக்கு இடையே இடைவெளி விழுகிறதா என்று பாருங்கள். விழவில்லையா? சரி, முழுவதும் தூக்கலாம். கட்டைகளை எடுத்து, டெயில்கேட்டை மூடி, விளக்குகளைச் சோதித்து, பத்துப் பதினைந்து அடி நகர்ந்து, இறங்கி ஒரு சுற்று. பெட்ரோல் பங்கிலும் ஓய்விடத்திலும் நின்று கிளம்பும் ஒவ்வொரு முறையும் கைப்பிடியையும் பூட்டையும் ஒரு பார்வை.

இத்தனையும் தெரிந்தவர்களுக்கும் டிரெய்லர் விழுவது நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுப்பதால்தான். கேம்ப்கிரவுண்டில் பக்கத்து வண்டிக்காரர் காபிக் கோப்பையோடு வந்து, எங்கிருந்து வருகிறீர்கள், இந்த எஞ்சின் எவ்வளவு மைலேஜ் கொடுக்கும் என்று ஆரம்பிப்பார். நல்ல மனிதர்தான். ஐந்து நிமிடம் கழித்து என்று சொல்லுங்கள், அல்லது பேசி முடித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குங்கள். விட்ட இடம் இதுதான் என்ற ஞாபகத்தை நம்ப வேண்டாம். கணவனும் மனைவியுமாகச் செய்தால் ஒருவரே தொடக்கம் முதல் முடிவு வரை மாட்டட்டும், மற்றவர் சரிபார்க்கட்டும். "பின்னை நீ போட்டிருப்பேன்னு நினைச்சேன்" என்ற வாக்கியத்தின் விலை பல ஆயிரம் டாலர். வெளியே நின்று வழி சொல்கிறவர் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நிற்க வேண்டும், பிக்கப்புக்கும் டிரெய்லருக்கும் நடுவில் ஒருபோதும் அல்ல.

கழற்றுவது

கழற்றும்போது பெட் அடிபடுவதும் குறைவில்லை. கூடியவரை சமமான இடத்தில் வண்டியையும் டிரெய்லரையும் நேர்க்கோட்டில் நிறுத்துங்கள். சக்கரக் கட்டை முதலில், கைப்பிடி பிறகு. மாற்றிச் செய்தால் டிரெய்லர் உருண்டு கிங்பின்னை வாயிலிருந்து தானே இழுத்துக்கொள்ளும்.

முன்கால்களின் பாதத்துக்கு அடியில் கனமான பலகை வையுங்கள். மழை பெய்த புல்தரையில் வெறும் பாதம் இறங்கிக்கொண்டே இருக்கும். கால்களை இறக்கி, பிக்கப்பின் பின்பக்கம் கொஞ்சம் எழத் தொடங்கும் வரை டிரெய்லரைத் தூக்குங்கள். அதற்கு மேல் போனால் தட்டுகள் விலகிக் கிங்பின் தாடையை மேல்நோக்கி இழுக்கும், கைப்பிடி அசையாது. கைப்பிடி அசையவில்லை என்றால் சுத்தியலைத் தேட வேண்டாம். தாடை மேல் இழுவை இருக்கிறது, அவ்வளவுதான். பிக்கப்பை ரிவர்ஸில் ஒரு பொட்டு பின்னால் தள்ளி, கட்டையில் முட்டியதும் பார்க்கிங் பிரேக் போட்டு, இப்போது இழுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இளகிவிடும்.

மின்கேபிளையும் பிரேக்அவே கேபிளையும் கழற்றி, டெயில்கேட்டை இறக்கி, கைப்பிடியைத் திறந்துவிட்டு மெல்ல முன்னால் எடுங்கள். அரை அடி போனதும் நிறுத்துங்கள். கிங்பின் தாடையை விட்டு வந்திருக்கும். ஆனால் ஹிட்சின் தலைத்தட்டு இன்னும் டிரெய்லரின் தட்டுக்கு அடியிலேயே இருக்கும். இறங்கிப் போய்க் கால்கள் நேராக நிற்கின்றனவா, பலகை அமுங்குகிறதா என்று பாருங்கள். ஒருவேளை கால் மடங்கினாலும் டிரெய்லர் ஹிட்சின் மேல்தான் உட்காரும், பக்கச் சுவர் தப்பிக்கும். இதுவும் லாரிக்காரர்களிடமிருந்து வந்த பழக்கம்தான். அவர்கள் லாரியின் சட்டத்தை டிரெய்லருக்கு அடியில் விட்டு நிறுத்திப் பார்ப்பார்கள்.

பிடித்துக்கொள்ளும் இரும்பு: வாங்கலாமா?

நெப்ராஸ்காவின் பென்டர் ஊரில் இயங்கும் புளூ ஆக்ஸ் நிறுவனம் 'பெட்சேவர்' என்ற பெயரில் ஒன்று விற்கிறது. ஹிட்சுக்குப் பின்னால், கிங்பின் நழுவி வரும் பாதையில், குறுக்காக நிற்கும் உறுதியான இரும்பு அமைப்பு. கிங்பின் வாயை விட்டு வந்தால் பெட் சுவர் மேல் விழாமல் இந்த இரும்பின் மேல் விழுந்து சிக்கிக்கொள்ளும். பிக்கப்பும் டிரெய்லரும் பிரியாமல் இருக்கும், நீங்கள் நிறுத்திக்கொள்ளலாம்.

அடிக்கடி மாட்டிக் கழற்றுகிறவர்களும், தனியாகப் பயணம் செய்கிறவர்களும் வாங்குவதில் தப்பில்லை. பெட் விலையோடு ஒப்பிட்டால் செலவு சின்னது. ஆனால் வாங்கும் முன் உங்கள் ஹிட்சுக்கும் தண்டவாளத்துக்கும் பொருந்துமா என்று பாருங்கள். எல்லா ஹிட்சுக்கும் பொருந்தாது. பொருத்திய பிறகு கிங்பின் அதன் மேல் இடிக்காமல் தாண்டிப் போகும் அளவுக்கும், விழுந்தால் சுவரைத் தொடும் முன் பிடிக்கும் அளவுக்கும் உயரத்தைச் சரிசெய்ய வேண்டும். ஹிட்சின் உயரத்தை மாற்றினால் இதையும் மாற்ற வேண்டும். இருக்கிறதே என்று டார்ச்சை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு இது உதவுவதை விடக் கெடுதலே அதிகம்.

பெட் சுவரின் மேல் ரப்பர் பட்டை, நுரை, மரச்சட்டம் எல்லாம் கீறலைத்தான் தடுக்கும்; ஆயிரம் கிலோவை அல்ல. தாடையே வேண்டாம் என்று, பெட்டில் உள்ள இரும்பு உருண்டையின் மேல் உட்காரும் ஆண்டர்சன் அல்டிமேட் போன்ற அமைப்புக்கு மாறுகிறவர்களும் உண்டு. எடை குறைவு, கழற்றித் தூக்கி வைக்கலாம். பின் பாக்ஸின் அமைப்பை மாற்றும் எதையும் போடும் முன் டிரெய்லரின் சட்டத்துக்கான உத்தரவாதம் அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

குட்டை பெட் பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கூர்மையான திருப்பத்தில் டிரெய்லரின் மூக்கு பின் கண்ணாடியில் இடிக்காமல் இருக்க நகரும் ஹிட்ச் போட்டிருந்தால், சாலைக்குப் போகும் முன் அது முன்பக்க நிலையில் பூட்டியிருக்கிறதா என்பதும் உங்கள் சோதனையில் சேரும்.

கிரீஸ்

தலைத்தட்டுக்கு லித்தியம் கிரீஸ் தடவலாம், அல்லது கிங்பின்னில் மாட்டும் வட்டமான பிளாஸ்டிக் தகடு போடலாம். தகடு சுத்தமானது, ஆனால் தடிமன் உண்டு. அந்தத் தடிமன் அளவுக்குக் கிங்பின் மேலே எழும், தாடை பிடிக்கும் கழுத்தின் நீளம் குறையும். உங்கள் ஹிட்ச் தயாரிப்பாளர் அந்தத் தடிமனை ஒத்துக்கொண்டால் மட்டும் போடுங்கள். தாடைகளைப் பருவத்துக்கு ஒரு முறையாவது பழைய கிரீஸ் போகத் துடைத்து, கையால் திறந்து மூடிப் பாருங்கள். தயங்கித் தயங்கி மூடும் தாடை, குளிர்காலத்தில் மூடவே மூடாது.

எல்லாம் மீறி விழுந்துவிட்டால்

உடனே நிறுத்துங்கள். முன்னாலும் எடுக்காதீர்கள், பின்னாலும் எடுக்காதீர்கள். பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சினை அணைத்து, டிரெய்லர் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். பெரும்பாலான பிக்கப்களில் எரிபொருள் ஊற்றும் குழாய் ஓட்டுநர் பக்கப் பெட் சுவருக்குள்தான் போகிறது. சுவர் நசுங்கினால் குழாயும் நசுங்கியிருக்கலாம், அதனால் முதலில் வாசனை வருகிறதா, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். எதையும் அசைக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுங்கள், ஹிட்சின் கைப்பிடி இருக்கும் நிலையையும் சேர்த்து.

பிரேக்அவே கேபிள் பிடுங்கியிருந்தால் டிரெய்லரின் பிரேக் அதன் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கும். வணிக டிரெய்லர்களில் அது குறைந்தது 15 நிமிடம் பிடிக்க வேண்டும் என்பது அமெரிக்க மத்திய விதி. அதையே நம்பி விட்டுவைத்தால் பேட்டரி இறங்கும், அப்புறம் கால்களைத் தூக்கும் மோட்டாருக்கு மின்சாரம் இருக்காது. கட்டை உறுதியாக இருக்கிறது என்று தெரிந்ததும் பிரேக்அவே கேபிளின் பின்னைத் திரும்பச் செருகுங்கள்.

முன்கால்கள் வளையாமல் இருந்தால் பலகை வைத்து அவற்றை இறக்கி, டிரெய்லரைப் பெட்டிலிருந்து தூக்குங்கள். முழு இடைவெளி கிடைத்த பிறகு, நசுங்கிய டெயில்கேட் வழியில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு, பிக்கப்பை நேராக முன்னால் எடுக்கலாம். கால்கள் வளைந்திருந்தாலோ தரை மெத்தென்று இருந்தாலோ கனரக மீட்பு வண்டியைக் கூப்பிடுங்கள். சின்ன ஜாக்கி வைத்து அடியில் நுழைந்து பார்க்கிற வீரம் வேண்டாம்.

பிறகு கிங்பின் நேராக இருக்கிறதா, பின் பாக்ஸின் போல்ட்டும் வெல்டிங்கும் விரிசல் இல்லாமல் இருக்கின்றனவா, டிரெய்லரின் முன் சட்டம் வளைந்திருக்கிறதா என்று ஒரு மெக்கானிக் பார்க்க வேண்டும். ஹிட்ச் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் தாடையின் உள்ளே அடிபட்டிருக்கலாம். அதைத் திறந்து சோதிக்காமல் மறுபடி பயன்படுத்தாதீர்கள். காப்பீட்டில் பொதுவாகப் பிக்கப்பின் சேதம் பிக்கப் பாலிசியிலும், டிரெய்லரின் சேதம் டிரெய்லர் பாலிசியிலும் தனித்தனியாகப் போகும். இரண்டு பக்கமும் சொல்லிவிடுங்கள்.

பெட்டை நிமிர்த்துவதா மாற்றுவதா என்ற கேள்வி கடைசியில் வரும். பெட் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்பதுதான், முழுதாகத் தூக்கி மாற்றலாம். புது பிக்கப் வாங்கியதும் பெட்டைக் கழற்றிவிட்டுத் தட்டையான தளமோ கருவிப் பெட்டிகளோ போடும் வேலைக்காரர்கள் பழைய பெட்டைப் புத்தம்புதிதாகவே விற்பார்கள். புதிதாக வாங்குவதை விட மலிவாகக் கிடைக்கும். வாங்கும் முன் பெட்டின் நீளம், வண்டியின் தலைமுறை, பின்னால் ஒற்றைச் சக்கரமா இரட்டைச் சக்கரமா, எரிபொருள் மூடியின் இடம், டெயில்கேட் கேமராவின் வயர் எல்லாம் ஒத்துப்போக வேண்டும். ஃபோர்டு சூப்பர் டியூட்டி 2017 மாடலிலிருந்து அலுமினிய உடலுக்கு மாறிவிட்டது. அதை நிமிர்த்த அலுமினிய வேலைக்குத் தனிக் கருவிகள் வைத்திருக்கும் பட்டறையாகப் பாருங்கள், 2016 பெட்டை யாராவது மலிவாகத் தள்ளிவிட வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.